பால் காக்கும் கேமராவும் தங்கள் தங்கையின் குரலும்

என் மரியாதைக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டது. தாங்களும் அக்காவும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் தங்கையும் அங்கே நலமாகத்தான் இருப்பாள். என் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறாளே, அதுவே பாதி ஆரோக்கியம். இங்கே நானும் நலம் என்று எழுத ஆசைதான். பொய்யில் தொடங்குகிற கடிதம் உருப்படாது என்பதால் அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறேன்.

முந்தாநாள் போனில் நான் “மச்சான், நடந்தது என்னன்னா...” என்று ஆரம்பித்ததுமே, “எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். ஆயுள் முழுக்க அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர் தாங்கள். வாய்ப்பேச்சை நம்ப மாட்டீர்கள். நாங்கள் வீடு மாறியதைச் சொல்லி நான் எழுதிய கடிதத்தையே ஒற்றுப்பிழைகளைச் சுழித்துத் திருப்பி அனுப்பியவர். இந்தக் கடிதத்திலும் பிழைகள் இருக்கும், அவற்றில் ஒற்றுப்பிழைதான் ஆகச் சிறியது. மற்றவற்றை நான் செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பொறியியல் கல்லூரியில் இளநிலை மாணவர்களுக்கு நான் கணினிப் பார்வையும் உட்பொதி கணினியும் சொல்லித்தருகிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். அது என்ன என்பது தெரியாது, ஏனென்றால் தாங்கள் கேட்கும்போதெல்லாம் “கம்ப்யூட்டர்தான் மச்சான்” என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். கேமராவில் விழுகிற படத்தில் என்ன இருக்கிறது என்று இயந்திரத்தைக் கண்டுகொள்ளவைப்பது முதல் பாதி. அந்த அறிவைப் பெரிய கம்ப்யூட்டரில் வைக்காமல் தீப்பெட்டி அளவு போர்டு ஒன்றுக்குள் திணித்து, அதை ஏதாவது ஒரு சாமானோடு சேர்த்துப் பொருத்திவிடுவது இரண்டாம் பாதி. கதவோடு சேர்த்தால் கதவு ஆளைப் பார்த்துத் திறக்கும், வண்டியோடு சேர்த்தால் வண்டி கோட்டைப் பார்த்து ஓடும். இதெல்லாம் பாடப்புத்தகத்தில். எங்கள் ஆய்வகத்தில் கதவு யாரைப் பார்த்தாலும் திறக்கும், வண்டி சுவரைப் பார்த்து ஓடும்.

பருவத் தொடக்கத்தில் துறைத்தலைவர் எங்களைக் கூப்பிட்டு, “இந்தத் தடவை பசங்க செய்யறது வீட்டுக்கு உபயோகப்படணும். பூனையா நாயான்னு கண்டுபிடிக்கிற மெஷினெல்லாம் வேண்டாம். பூனை எது நாய் எதுன்னு எனக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு என்ன உபயோகப்படும் என்று வீட்டில் வந்து யோசித்தேன். எங்கள் வீட்டில் காலைப் பாலைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பார்த்துக்கொண்டேதான் இருப்பேன், பொங்குகிற நேரத்தில் மட்டும் வேறெதையாவது பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றும் அப்படியே ஆயிற்று. தங்கள் தங்கை அடுப்பைத் துடைத்துக்கொண்டே, “ஊர்ல இருக்கிற மெஷினுக்கெல்லாம் பார்க்கக் கத்துக்குடுக்கறீங்க. இந்தப் பாலைப் பார்க்க ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. உங்களைவிட அது தேவலை” என்றாள். வேறு ஆம்பளையாக இருந்தால் அதில் இருந்த குத்தலைப் புரிந்துகொண்டிருப்பான். நான் “அடடா, நல்ல யோசனை!” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்கு ஓடினேன். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அந்த வேலையை ஏற்றுக்கொண்ட மாணவர்கள் மூன்று பேர். வகுப்பில் அவர்களைக் கூப்பிடுகிற பெயர்களே எனக்கும் வாயில் வருகின்றன. ஒருவன் ‘ஒயர்’, ஆளும் அப்படி, அவன் கை பட்ட எதிலும் ஏதாவது ஒரு முனை கழன்று தொங்கும். இன்னொருத்தி ‘மீட்டர்’; மின்சாரம் வருகிறதா என்று அளக்கும் கருவியைப் பையிலேயே வைத்திருப்பாள், அளந்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள், நான் சொல்வதையும். மூன்றாமவன் ‘சரிங்க சார்’. அவன் வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை.

அடுப்புக்கு மேலே ஒரு கேமரா, பக்கத்தில் போர்டு, அடுப்பின் திருகைத் திருப்பிவிட ஒரு சின்ன மோட்டார், ஆளைக் கூப்பிட ஒரு ஸ்பீக்கர். திட்டம் இவ்வளவுதான், மச்சான். ஆனால் இயந்திரத்துக்கு எதையும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. பொங்குகிற பால் இது, பொங்காத பால் இது என்று படம் படமாகக் காட்டவேண்டும். அதற்காக ஆய்வகத்தில் மின்அடுப்பை வைத்துப் பாலைப் பொங்கவிட்டார்கள். நாள்தோறும் பொங்கவிட்டார்கள். ஆவி எழும்பிக் கேமராக் கண்ணில் படிந்து பாதிப் படங்கள் மூடுபனி மாதிரி வந்தன. ஒயர் ஒரு மின்விசிறியை வைத்தான். ஆவி போயிற்று, பால்நுரையும் பறந்து பக்கத்துக் குழுவின் வண்டிமேல் விழுந்தது. துணியால் எவ்வளவு துடைத்தும் புளித்த வாடை போகவில்லை. துறைத்தலைவர் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, “இது லேபா, மாட்டுக்கொட்டகையா?” என்று கேட்டுவிட்டு உள்ளே வராமலே போனார். போர்டில் இடம் குறைவு என்பதால் படங்களை நகக்கண் அளவுக்குச் சுருக்கவேண்டியிருந்தது. அவ்வளவு சுருக்கினால் பாலும் ஒன்றுதான், வெள்ளையடித்த சுவரும் ஒன்றுதான். மீட்டர் என்னிடம் வந்து, “சார், வெள்ளையா இருக்கிற மத்த பொருளையும் காட்டவேண்டாமா? இல்லேன்னா வெள்ளை எதைப் பார்த்தாலும் பொங்குதுன்னு சொல்லிடுமே” என்று கேட்டாள். இது நானே வகுப்பில் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் அன்று எனக்கு அவசரம். “அடுப்புக்கு மேல பாலைத் தவிர வேற என்னம்மா வெள்ளையா வரப்போகுது?” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான், கொஞ்ச நாள் கழித்து மாட்டிக்கொண்டேன்.

ஆய்வகத்தில் எடுத்த படங்களைக் கற்றுக்கொண்ட இயந்திரம் ஆய்வகப் பாத்திரத்தை மட்டுமே பாத்திரம் என்று நம்பியது. வீட்டு அடுப்பும் வீட்டுப் பாத்திரமும் வீட்டு வெளிச்சமும் வேண்டும் என்றார்கள். “நான் எடுத்துட்டு வர்றேன்” என்றேன். மறுநாள் காலை அலமாரிக் கைப்பிடியில் போனை மாட்டி, கண் அடுப்பைப் பார்க்கிற மாதிரி வைத்து, வீடியோவைப் போட்டுவிட்டு ஃப்ரிட்ஜ் ஓரமாக நின்றுகொண்டேன். வேண்டுமென்றேதான், மச்சான். பால் பொங்கட்டும் என்று பக்கத்திலேயே நின்று காத்துக்கொண்டிருந்தேன். தங்கள் தங்கை பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள் அவள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் அவள் வந்து அடுப்பை அணைத்துவிடுவாள், நல்ல பகுதி போய்விடும். அவள் கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தாள். வந்து பாத்திரத்தை இறக்கினாள். கொஞ்சம் சிந்தியது. அவள் குழாயடிக்குப் போனாள். பாத்திரம் கழுவுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு வீடியோ அருமையாக வந்துவிட்ட சந்தோஷம். போனைக் கழற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டேன்.

வீடியோவில் படத்தோடு ஒலியும் சேர்ந்து பதிவாகும் என்பது பால்காரருக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் நான் படத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து ஒயர் என் அறைக்கு வந்து, “சார், நம்ம ஸ்பீக்கர்ல வர்ற பீப் சத்தத்துக்கு ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க. ஹாஸ்டல்ல வெச்சுப் பார்த்தோம், அலாரம்னு நினைச்சு எல்லாரும் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. ஆனா உங்க வீடியோல ஒரு குரல் இருக்கு சார். அதைப் போட்டோம். மொத்த மாடியும் ஓடி வந்துடுச்சு” என்றான். போட்டுக் காட்டினான். “ஏங்க, பால் பொங்குதுங்க! எங்க போய்த் தொலைஞ்சீங்க? உங்களைத்தான்! உங்களைத்தான்!” தங்கள் தங்கையின் குரல் எப்படிப்பட்டது என்று தங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, தாங்கள் கேட்டு வளர்ந்த குரல். அது அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது. நான் என்ன செய்திருக்கவேண்டும்? “அது என் மனைவி, எடுத்துடுப்பா” என்று சொல்லியிருக்கவேண்டும். நான் சிரித்தேன், மச்சான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, “அப்படியே போடு!” என்றேன். இதை எழுதும்போது என் காது சூடாகிறது.

செய்முறைத் தேர்வு நாள் வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பெரிய மனிதர், பெரிய கல்லூரிக்காரர், தலை முழுக்கப் பஞ்சுபோல் வெள்ளை முடி. முதல்வரும் கூடவே வந்தார். மற்றக் குழுக்களின் கதவையும் வண்டியையும் பார்த்துக் கொட்டாவி விட்டுவிட்டு எங்கள் மேசைக்கு வந்தார்கள். அடுப்பில் பால் சாதுவாக இருந்தது. நான் கைகளைக் கட்டிக்கொண்டு, “பால் பொங்கற வரைக்கும் மெஷின் அமைதியா இருக்கும் சார், பொங்க ஆரம்பிச்ச உடனே தானே கண்டுபிடிச்சு அடுப்பை அணைச்சுட்டு ஆளைக் கூப்பிடும்” என்றேன். “அப்படியா?” என்று அவர் பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். கேமராவுக்கு நேர்கீழே, வட்டமாக, வெள்ளையாக, நுரைநுரையாக அவர் தலை எழும்பி வந்தது. “ஏங்க, பால் பொங்குதுங்க! எங்க போய்த் தொலைஞ்சீங்க?” என்று தங்கள் தங்கை அலறினாள். தேர்வாளர் துள்ளி நிமிர்ந்து, “இதோ வந்துட்டேன்மா!” என்று கத்தினார்.

கூடம் முழுக்கக் கூரை பறந்துவிடும்போல் சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டு, பெருந்தன்மையாக, “எங்க வீட்டுக் குரல்னு நினைச்சுட்டேன்” என்றார். அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க முதல்வர் குனிந்தார்; அவர் சட்டை வெள்ளை. “உங்களைத்தான்! உங்களைத்தான்!” நான் அணைக்கப் போனேன், என் கைக்குட்டை வெள்ளை. சரிங்க சார் ஒரு காகிதத்தால் கேமராவை மறைத்தான். அந்தக் காகிதமும் வெள்ளை. அதற்கப்புறம் மெஷின் மூச்சு விடாமல் கத்தியது. உண்மையான பால் அந்த நேரம் பார்த்து நிஜமாகவே பொங்கி மேசையில் வழிந்தது, அடுப்பை அணைக்கவேண்டிய மோட்டாரின் ஒரு முனை கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை, எல்லோரும் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மானம் கப்பலேறியது என்று அன்று நினைத்தேன். ஏறியது என் மானம் இல்லை.

அடுத்த நாளே தங்கள் தங்கையின் குரல் கல்லூரி முழுக்கப் போன் மணியாகிவிட்டது. நூலகத்தில் “உங்களைத்தான்!” கேன்டீனில் “எங்க போய்த் தொலைஞ்சீங்க?” நான் நடைகூடத்தில் போனால் தூணுக்குப் பின்னாலிருந்து “ஏங்க!” என்று ஒரு குரல். திட்டலாம் என்று திரும்பினால் எல்லோரும் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார்கள். நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. தானாக அடங்கிவிடும் என்று விட்டுவிட்டேன். அடங்குமா? அவள் வேலை செய்கிற மருந்துக் கடை எங்கள் கல்லூரிக்கு எதிர்த்தெருவில்தானே இருக்கிறது. ஒரு பையன் இருமல் மருந்து வாங்கப் போயிருக்கிறான். இவள் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் போன் அடித்திருக்கிறது. இவள் குரலே இவளைக் கூப்பிட்டிருக்கிறது.

“தம்பி, இது யாரு குரல்?” என்று கேட்டிருக்கிறாள்.

“இதுவா ஆண்ட்டி? பால் மாமி! எங்க காலேஜ்ல செம ஃபேமஸ். எங்க சார் ஒருத்தரோட...” என்று ஆரம்பித்தவன் அதற்குள் இவள் குரலைக் கவனித்துவிட்டான். மருந்தை வாங்காமலே ஓடிவிட்டானாம். கடையில் கூட நின்ற பெண்கள் எல்லோரும் இவளைப் பார்த்தார்களாம். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. கடை முதலாளி சொன்னார், அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்று மாலை அவள் கத்துவாள் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை. தட்டு வைத்தாள், சாப்பிட்டோம், தட்டைக் கழுவினாள். மறுநாள் காலையில் பையோடு வாசலில் நின்றாள். “அண்ணன் வீட்டுக்குப் போறேன்” என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். “பால் பொங்கினா சொல்லி அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். அப்போதுகூட எனக்குப் புரியவில்லை. குரலைக் கேட்காமல் போட்டதுதான் கோபம், அதை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நேராக ஆய்வகத்துக்குப் போய், “அந்தக் குரல் இருக்கிற ஃபைலெல்லாம் இப்பவே அழிங்க” என்று உத்தரவு போட்டேன். சரிங்க சார் “சரிங்க சார்” என்றான். மீட்டர் மட்டும் எழுந்து நின்றாள். கையில் அந்த அளக்கிற கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, “முழு வீடியோவையுமா சார்?” என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஆண்ட்டிக்குக் கை இப்ப எப்படி சார் இருக்கு?” என்று கேட்டாள்.

“எந்தக் கை?” என்றேன்.

மச்சான், அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. அவள் கம்ப்யூட்டரைத் திருப்பி வீடியோவைப் போட்டாள். “உங்களைத்தான்! உங்களைத்தான்!” வரைக்கும் ஊருக்கே தெரியும். அதற்கப்புறம் உள்ள பகுதியை ஒயர் வெட்டிவிட்டிருந்தான், முழுசாக நான் கேட்டதே இல்லை. பால் மேலே வருகிறது. ஒரு கை உள்ளே வந்து பாத்திரத்தைப் பிடிக்கிறது. கொதிக்கிற பால் அந்தக் கைமேல் கொட்டுகிறது. “ஸ்ஸ், அம்மா” என்று மெல்ல ஒரு சத்தம். கூப்பிட்டபோது இருந்த கணீர் அதில் இல்லை. உடனே ஓர் ஆண்குரல், எரிச்சலோடு: “கையை எடு, கையை எடு, மறைக்குது!”

என் குரல்தான். நான் அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. சொல்லவில்லை என்று சாதித்திருப்பேன், பதிவு மட்டும் இல்லாவிட்டால். படத்தில் அந்தக் கை விலகிப் போகிறது. அதன்பிறகு குழாய் திறக்கிற சத்தம், நெடுநேரம். நான் பாத்திரம் கழுவுகிறாள் என்று நினைத்த சத்தம். அவள் கையில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது போல ஒரு ஞாபகம் வருகிறது. அந்த நாட்களில் பக்கத்தில்தானே உட்கார்ந்து சாப்பிட்டேன், ஆனால் எந்தக் கை, எவ்வளவு நாள், யார் கட்டிவிட்டது, எதுவும் தெரியாது. வீடியோவைப் பார்த்துத்தான் இடது கை என்றே தெரிந்துகொண்டேன், கட்டைவிரலுக்குக் கீழே. மூன்று மாணவர்கள் முன்னால் என் மனைவியின் கையை நான் திரையில் தேடிக்கொண்டு நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது என்பார்களே, எனக்கு அந்த நாக்கைப் பிடுங்கவும் கை எழவில்லை.

அன்று பிற்பகல் வகுப்பு இருந்தது. வழக்கம்போலப் பின்வரிசையில் ஒரு போன் “ஏங்க!” என்றது, எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். “அந்தச் சத்தத்துக்கு அப்புறம் என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். ஒரு ஜோக் வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். “அவங்க கூப்பிட்டப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். உங்களுக்குப் படம் வேணும்னு பதில் சொல்லாம நின்னேன். அவங்க கையில பால் கொட்டிடுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? கையை எடு, மறைக்குதுன்னு சொன்னேன். நீங்க கேட்டுச் சிரிக்கிறது அதோட முதல் பாதி” என்றேன். பின்வரிசைப் பையன் போனை எடுத்து எதையோ அழுத்தினான், பக்கத்தில் இருப்பவனும் எடுத்தான், வரிசையாகத் தலைகள் குனிந்தன. சரிங்க சார் மட்டும் குனியவில்லை. இத்தனை நாளில் முதல்முறையாக அவன் வேறு வார்த்தை பேசினான்.

“ஏன் சார் அப்படிப் பண்ணீங்க?” என்று கேட்டான்.

குறும்பாகக் கேட்கவில்லை, மச்சான். பாடத்தில் புரியாததைக் கேட்பது போல, பதில் தெரிந்தால் எழுதிக்கொள்ளலாம் என்பது போலக் கேட்டான். நான் திரும்பிப் பலகையைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்திருந்த பலகை அது.

ஆகவே மச்சான், கீழ்க்கண்டவற்றை எழுத்தில் தருகிறேன். தங்கள் தங்கையின் குரலை இயந்திரத்திலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் அழிக்கச் செய்துவிட்டேன். இனி அது எங்கும் ஒலிக்காது. இந்தப் பாடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று துறைத்தலைவர் மேசையில் கடிதம் வைத்துவிட்டேன். இயந்திரத்துக்குப் பார்க்கச் சொல்லித்தர எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் பால் மெஷினைப் பிரித்துப்போடச் சொல்லிவிட்டேன். அவளிடம் நேரில் பேச எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று தெரியாமல்தான் தங்களுக்கு எழுதுகிறேன். அவளைத் திட்டிச் சமாதானப்படுத்தி அனுப்பிவையுங்கள் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு உதவி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது அந்த இடது கையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தழும்பு விழுந்திருக்கிறதா, விரலை முழுக்க மடக்க முடிகிறதா, இன்னும் வலிக்கிறதா என்று பார்த்து இரண்டு வரி எழுதுங்கள். நான் கேட்டேன் என்று சொல்லவேண்டாம். பிறகு அவளுக்கு எப்போது வரத் தோன்றுகிறதோ அப்போது வரட்டும். வராவிட்டாலும் என்மேல்தான் தப்பு என்று நாலு பேரிடம் நானே சொல்லிக்கொள்வேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தங்கள் கண்ணுக்கும் முதுகுவலிக்கும் நல்ல சுகம் கிடைக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தாங்கள் இருவரும் பல்லாண்டு நன்றாக இருந்து, என் போன்றவர்கள் கூப்பிடும்போது அவ்வப்போது போனை வைத்துவிட வேண்டும்.

தங்கள் வீட்டில் பெண் எடுத்து, அதற்குத் தகுதியாக இன்னும் ஒன்றும் செய்யாத,
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்கவேண்டாம். படித்துவிட்டீர்கள் என்றால் நம்பவேண்டாம். கடிதத்தை மடித்து உறையில் வைக்கும்போது வாசல்மணி அடித்தது. தங்கள் தங்கைதான் வந்து நிற்கிறாள். தங்கள் வீட்டிலிருந்து காலையிலேயே கிளம்பிவிட்டாளாம். நேராகக் கல்லூரிக்குப் போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்கு வருகிறாளாம். கை எப்படி இருக்கிறது என்று கேட்க மீட்டர் அவளுக்குப் போன் செய்திருக்கிறாள், வகுப்பில் நான் பேசியதையும் சொல்லியிருக்கிறாள். இவள் ஆய்வகத்துக்கே போய், பிரித்துப்போட்ட மெஷினை மறுபடி பூட்டச் சொல்லிவிட்டாள். சரிங்க சார் “சரிங்க மேடம்” என்றிருக்கிறான். பழைய பதிவில் குரல் கரகரவென்று இருந்ததாம், தனக்கே பிடிக்கவில்லையாம். புதிதாகப் பேசிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்: “அடுப்புல பால் பொங்குது. யாரு பக்கத்துல நிக்கறீங்களோ, அவங்க அணைங்க.” ஆகவே குரல் அழிந்தது என்று நான் எழுதியது பொய்யாகிவிட்டது. துறைத்தலைவர் மேசையில் நான் வைத்த கடிதத்தையும் அவளே எடுத்து வந்துவிட்டாள், “அந்தப் பசங்களுக்குப் பாதியில யாரு சொல்லித்தருவா?” என்று கேட்கிறாள். அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். மச்சான், வெட்கத்தோடு ஒரு திருத்தம். படங்கள் போதாதபோது உள்ள வீடியோவையே இடவலமாகத் திருப்பிப்போட்டு இரண்டாக்குவது எங்கள் தொழிலில் வழக்கம். நான் பார்த்தது திருப்பிப்போட்ட பிரதி. மேலே இடது கை என்று எழுதிய இடத்திலெல்லாம் அடித்துவிடுங்கள். வலது கை. தழும்பு இருக்கிறது, விரல் மடங்குகிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் வலிக்கிறதாம். நேரில் பார்த்து எழுதுகிறேன்.